சீசாவுக்குள்ளேயே இருந்த பாஷாணம்

வெள்ளைப் பாஷாணத்துக்கு, அதாவது ஆர்செனிக் ஆக்சைடுக்கு, மணம் கிடையாது. ருசியும் இல்லையென்றே சொல்லலாம். மாவோடு சேர்ந்தால் மாவு, சர்க்கரையோடு சேர்ந்தால் சர்க்கரை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் எலிக்கு என்று சொல்லிச் சில்லறைக் காசுக்கு இதை வாங்கிவிடலாம். இரண்டு மூன்று கிரெயின், அதாவது 130 முதல் 200 மில்லிகிராம் வரை உள்ளே போனால் ஒரு வளர்ந்த ஆள் சாகலாம். வாந்தியும் பேதியுமாக வரும் அந்தச் சாவைக் காலராவிலிருந்து பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம். ஆகவே, செத்தவர் எப்படிச் செத்தார் என்று சொல்லும் பொறுப்பு வேதியியலாளர் தலையில் விழுந்தது.

1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்செனிக்கைக் கண்டுபிடிக்கும் தன் சோதனையை வெளியிட்டார், அதோடு விஷம் வைப்பவர்களின் காலம் முடிந்தது என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியலாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. சோதனை அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தது. பிணத்தில் இருந்த ஆர்செனிக்கை மட்டுமல்ல, சோதிப்பவரின் துத்தநாகத்தில் இருந்ததையும், அமிலச் சீசாவில் இருந்ததையும், செப்புக் கம்பியில் இருந்ததையும் அது ஒரே மாதிரி காட்டியது.

மார்ஷுக்கு முன்பு

முன்பு இருந்தவை நிறச் சோதனைகள். சந்தேகப்படும் திரவத்தை அமிலமாக்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் மஞ்சள் வீழ்படிவு இறங்கும். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் வைத்தியர்கள் அரிதாரம் என்று சொல்லும் ஆர்செனிக் சல்பைடுதான். சில்வர் நைட்ரேட்டும் அம்மோனியாவும் சேர்த்தால் இன்னொரு மஞ்சள். மயில்துத்தமும் அம்மோனியாவும் சேர்த்தால் பச்சை. அந்தப் பச்சைக்கு ஷீலே பச்சை என்று பெயர். அதே சாயத்தைத்தான் அந்தக் காலத்து வீடுகளில் சுவர்க் காகிதமாக ஒட்டினார்கள்.

தண்ணீரில் கரைத்த தூய பாஷாணத்தோடு இந்த மூன்றும் அழகாக வேலை செய்யும். வயிற்றிலிருந்து எடுத்தது தூய கரைசல் இல்லையே! உடலில் எங்கும் உள்ள பாஸ்பேட்டும் சில்வர் நைட்ரேட்டோடு மஞ்சள்தான் தரும். வெங்காயம் வேகவைத்த தண்ணீர்கூடப் பச்சையையும் மஞ்சளையும் காட்டி ஏமாற்றும் என்று 1810களிலேயே நீதிமன்றத்தில் வாதம் எழுந்திருக்கிறது. காபி, சூப், பித்தம் என்று ஏற்கெனவே நிறமுள்ள எதிலும் நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

1830களின் தொடக்கத்தில், லண்டனை அடுத்த பிளம்ஸ்டெட்டில் ஜார்ஜ் போடில் என்ற முதியவர் காபி குடித்த பின் இறந்தார். பேரன் ஜான் மீது சந்தேகம். வூலிச் ராணுவ ஆயுதசாலையில் வேதியியலாளராக இருந்த மார்ஷ், காபியில் மஞ்சள் வீழ்படிவைக் கண்டார். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்த மஞ்சள் கெட்டுப்போய்விட்டது. கண்ணால் பார்க்க ஒன்றுமில்லாத ஜூரிகள் பேரனை விடுவித்தார்கள். பின்னாளில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கையில் எடுத்துக் காட்டக்கூடியதாக, மாதங்கள் கழித்தும் மாறாததாக ஒரு சாட்சி வேண்டும் என்று மார்ஷ் தேடியது இதற்குப் பிறகுதான்.

கருவியும் அதன் வேலையும்

துத்தநாகத்தின் மேல் நீர்த்த கந்தக அமிலம் பட்டால் ஹைட்ரஜன் வரும். அந்த இடத்தில் ஆர்செனிக் ஆக்சைடு இருந்தால், அப்போதுதான் பிறக்கும் ஹைட்ரஜன் அதைப் பிடித்து ஆர்சீன் என்ற வாயுவாக்கிவிடும். சோற்றுப் பருக்கை, கொழுப்பு, சளி எல்லாம் திரவத்திலேயே தங்கிவிட, ஆர்செனிக் மட்டும் வாயுவாக வெளியே வருகிறது. மார்ஷின் யோசனையில் உள்ள புத்திசாலித்தனம் முழுவதும் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. வந்த வாயுவைக் கொளுத்தி, சுவாலைக்குள் குளிர்ந்த பீங்கான் துண்டை நீட்டினால் ஆர்சீன் உடைந்து, ஆர்செனிக் பளபளக்கும் கரும் புள்ளியாகப் படியும்.

அவருடைய கருவி சமமற்ற இரு கைகள் கொண்ட வளைந்த கண்ணாடிக் குழாய். துளை முக்கால் அங்குலம், குட்டைக் கை சுமார் 5 அங்குலம், நெட்டைக் கை சுமார் 8. குட்டைக் கையில் துத்தநாகத் துண்டு, அதன் வாயில் நுண்ணிய முனையுள்ள திருகுக் குழாய். ஒரு பங்கு அமிலத்துக்கு ஏழு பங்கு தண்ணீர் என்று கலந்து, சோதிக்க வேண்டிய திரவத்தோடு சேர்த்து நெட்டைக் கை வழியாக ஊற்ற வேண்டும். திருகை மூடினால் சேரும் வாயு திரவத்தை மறுகைக்குத் தள்ளும். துத்தநாகம் வெளியே தெரிந்ததும் வினை தானாக நிற்கும். திறந்தால், மறுகையில் ஏறி நிற்கும் திரவத்தின் எடையே வாயுவை வெளியே அழுத்தும். பள்ளி ஆய்வகங்களில் பின்னாளில் பலரும் பார்த்த கிப் கருவிக்கும் இதே தத்துவந்தான்.

கொளுத்துவதில் அவசரம் கூடாது. முதலில் வெளிவருவது ஹைட்ரஜனும் குழாய்க்குள் இருந்த காற்றும் கலந்த வெடி. சிறு சோதனைக் குழாயைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து, தள்ளி வைத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். கீச்சென்று ஊளையிட்டால் இன்னும் காற்று இருக்கிறது. அமைதியாக எரிந்தால் மட்டுமே கருவியின் முனையில் நெருப்பு வைக்கலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆர்சீன் கொடிய விஷம். மியூனிக் வேதியியலாளர் கேலன் 1815இல் அதைச் சுவாசித்து இறந்தார். மார்ஷ் சோதனை பிறப்பதற்கே இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

1837இல் சுவீடனின் பெர்சீலியஸ் இதைத் திருத்தினார். வாயுவைக் கொளுத்துவதற்கு முன் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாய் வழியாக அனுப்பி ஈரத்தை நீக்கி, பிறகு நடுவில் சூடேற்றிய நீளமான மெல்லிய குழாய்க்குள் செலுத்தினார். சூடான இடத்தைத் தாண்டியதும் பழுப்பும் கருப்புமாக ஒரு வளையம் படியும். வேதியியலாளர்கள் இதை ஆடி என்றார்கள். உண்மையிலேயே முகம் தெரிகிற மாதிரி மின்னும். குழாயின் இரு முனைகளையும் உருக்கி மூடிவிட்டால் நீதிமன்ற மேசை வரை பத்திரமாகப் போகும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து எடைபோட்டு, ஆர்செனிக்கைச் சூட்டில் விரட்டி மறுபடி எடைபோட்டால் அளவும் கிடைத்துவிடும். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தெரியும் அளவுக்குச் சோதனை கூர்மையானது.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. குழாய் ஈயம் கலக்காத கடினக் கண்ணாடியாக இருக்க வேண்டும்; ஈயக் கண்ணாடியைச் சூடாக்கி ஹைட்ரஜன் விட்டால் கண்ணாடியே கறுத்துவிடும், அனுபவமில்லாதவர் அதை ஆடி என்று எண்ணிக்கொள்வார். வாயு வேகமாகப் பாய்ந்தால் ஆர்சீன் உடைய நேரமின்றி ஓடிப்போகும். ஆகவே குமிழிகளை எண்ணும் அளவுக்கு மெதுவாக, மணிக்கணக்கில் ஓடவிட வேண்டும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும்.

வயிற்றில் இருந்ததை அப்படியே ஊற்றினால்

நுரைத்துத் தள்ளும். குழம்பும் சளியுமான திரவத்துக்குள் ஹைட்ரஜன் புறப்பட்டால் சோப்பு நுரை போலப் பொங்கி, குழாயின் முனை அடைபட்டுவிடும். மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், பெரிய பலனில்லை. புதைத்து நாளான உடலில் இன்னொரு சிக்கல். அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளைப் பாஷாணத்தை மஞ்சள் அரிதாரமாக மாற்றியிருக்கும். அரிதாரம் மார்ஷ் கருவிக்குள் ஆர்சீன் தராது. குடலின் சுவரில் மஞ்சளாக அப்பியிருக்கும்போதே கருவி ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

எனவே முதலில் சதையை அழிக்க வேண்டும். 1841இல் பிரான்சில் தான்ஷேயும் பிளாண்டனும் அடர் கந்தக அமிலத்தில் கரியாக்கினார்கள். ஜெர்மனியில் பிரசீனியஸும் பாபோவும் 1844இல் சொன்ன வழி மென்மையானது, நெடுங்காலம் நிலைத்ததும் அதுதான். உறுப்பைப் பொடியாக நறுக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியின் ஆவியில் சூடாக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் குளோரேட்டை ஓரிரு கிராம் வீதம் போட வேண்டும். குளோரின் கிளம்பிச் சதையைத் தின்னும். திரவம் தெளிந்து இளமஞ்சளானதும் நிறுத்தி, குளோரின் வாடை முழுவதும் போகும்வரை சூடு காட்ட வேண்டும். பிறகு கந்தக டை ஆக்சைடு, பிறகு பல மணி நேரம் ஹைட்ரஜன் சல்பைடு. இறங்கும் மஞ்சளை அம்மோனியாவில் கரைத்துப் பிரித்து, ஆக்சிஜனேற்றம் செய்து, கடைசியில்தான் மார்ஷ் கருவி. குளோரேட்டோ நைட்ரிக் அமிலமோ துளி மிஞ்சினாலும் ஆர்சீன் உருவாவதைக் கெடுத்துவிடும். அமிலம், உப்பு, வாயு, வடிதாள் என்று எத்தனை பொருள்கள் உள்ளே வருகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கதவு.

ஆன்டிமனி என்ற தனிமமும் கரும் ஆடி தரும். வாந்தி எடுக்கவைக்க அன்றைய மருத்துவர்கள் தாராளமாகக் கொடுத்த மருந்தில் அது உண்டு. நோயாளிக்கு மருத்துவரே கொடுத்தது சடலத்தில் விஷமாகத் தெரியலாம். இதைப் பிரிப்பது எளிது: சலவைக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊற்றினால் ஆர்செனிக் உடனே கரைந்து மறையும், ஆன்டிமனி அப்படியே நிற்கும். ஆர்செனிக் சூட்டில் பூண்டு வாடை வீசும். ஆன்டிமனி ஆடி சூடான இடத்துக்கு முன்னாலும் படியும். ஆர்செனிக் தாண்டித்தான் படியும்.

சந்தேகம் தன் பக்கம் திரும்பியது

துத்தநாகத் தாதுவோடு ஆர்செனிக் சேர்ந்தே கிடக்கும். உருக்கியெடுக்கும்போது சிறிது ஒட்டிக்கொண்டு வரும். இது பழைய தொல்லை. புதிய தொல்லை சிசிலியிலிருந்து வந்தது. அதுவரை பிரிட்டிஷ் ஆலைகள் கந்தக அமிலம் செய்தது சிசிலித் தீவின் எரிமலைக் கந்தகத்திலிருந்து. 1838இல் அங்கிருந்த அரசு கந்தக வணிகத்தை ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு ஏகபோகமாகக் கொடுக்க, விலை இரு மடங்குக்கும் மேல் எகிறியது. ஆலைக்காரர்கள் இரும்புப் பைரைட்டுக்கு மாறினார்கள். அதை எரித்தாலும் கந்தக டை ஆக்சைடு கிடைக்கும். கூடவே தாதுவில் உள்ள ஆர்செனிக்கும் புகையாக எழுந்து அமிலத்துக்குள் போய்ச் சேரும். கந்தக அமிலத்தை உப்போடு சேர்த்துத்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செய்தார்கள். ஆக, அந்தச் சீசாவிலும் ஆர்செனிக். மார்ஷ் உலகுக்கு மிகக் கூர்மையான சோதனையைக் கொடுத்த இரண்டே ஆண்டில், அதற்கு வேண்டிய அமிலம் முன்பைவிட அழுக்காகிவிட்டது. இப்படி ஒரு பொருத்தத்தைத் திட்டம்போட்டும் செய்ய முடியாது.

சுத்தம் செய்ய வழிகள் இருந்தன. அமிலத்தை நீர்க்கச் செய்து ஹைட்ரஜன் சல்பைடு விட்டு, இறங்கும் அரிதாரத்தை வடித்துவிடலாம். உருகிய துத்தநாகத்தில் வெடியுப்பு போட்டு ஆர்செனிக்கை எரிக்கலாம். ஆனால் துத்தநாகம் மிகவும் தூயதாகிவிட்டால் அமிலத்தில் கரையவே மறுக்கும்! சிறு துளி பிளாட்டினம் குளோரைடு விட்டு அதை உசுப்ப வேண்டியிருந்தது. உடனே அடுத்த கேள்வி: அந்தத் துளி சுத்தமா?

இதற்கு உண்மையான பதில் வெற்றுச் சோதனை. சந்தேகப் பொருளைச் சேர்க்காமல், அதே துத்தநாகத்தையும் அதே அமிலத்தையும் அதே கருவியில் ஓடவிட்டுக் குழாய் தெளிவாகவே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. 1840இல் பிரான்சின் தூல் நகரில், கணவருக்கு விஷம் வைத்ததாக மரீ லபார்ஜ் மீது நடந்த வழக்கில், உள்ளூர் வேதியியலாளர்கள் தடுமாறியதால் பாரிசிலிருந்து விஷவியலாளர் ஓர்பிலா அழைக்கப்பட்டார். அவர் கணவரின் உடலில் ஆர்செனிக்கைக் காட்டினார். அது தன் வேதிப்பொருள்களிலிருந்தோ கல்லறை மண்ணிலிருந்தோ வரவில்லை என்றும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. மண்ணிலும் ஆர்செனிக் உண்டு. அதனால்தான் தோண்டி எடுக்கும்போது பெட்டியைச் சுற்றியுள்ள மண்ணும் சீசாவில் அடைத்து அனுப்பப்படுவது வழக்கமானது.

ஆனால் வெற்றுச் சோதனையையும் தாண்டி ஏமாற ஒரு வழி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதன் தூக்குமேடை வரை போக வேண்டியிருந்தது.

21ஆம் எண் சீசா

1841இல் ஹியூகோ ரைன்ஷ் என்ற ஜெர்மானியர் சொன்ன சோதனை மார்ஷ் சோதனையைவிட எளிது. திரவத்தில் ஆறில் ஒன்று அல்லது எட்டில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மினுக்கிய செப்புத் தகட்டையோ கம்பி வலையையோ போட வேண்டும். ஆர்செனிக் இருந்தால் செம்பின் மேல் எஃகு நிறத்தில் சாம்பல் படலம் ஏறும். கழுவி, உலர்த்தி, சிறு குழாயில் சூடாக்கினால் மேலே வெண்படிகங்கள் ஒதுங்கும். நுண்ணோக்கியில் எண்முகப் படிகங்களாகத் தெரிந்தால் அது வெள்ளைப் பாஷாணம். பாதரசமானால் உருண்டைத் துளிகள், ஆன்டிமனியானால் வடிவமில்லாத வெண்மை. நுரைத் தொல்லை இல்லை, சதையை அழிக்கவும் வேண்டாம். லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆல்பிரட் ஸ்வெய்ன் டெய்லர், அன்றைய இங்கிலாந்தின் முதன்மை விஷவியலாளர், இதையே பெரிதும் நம்பினார்.

செம்புத் தாதுவிலும் ஆர்செனிக் உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தனியாக நின்று செம்பைக் கரைப்பதில்லை. கரையாத செம்புக்குள் இருக்கும் ஆர்செனிக் வெளியே வர வழியில்லை. அந்த வலையை வெறும் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பார்த்தால் வெற்றுச் சோதனையில் தேறிவிடும்.

1859 மே மாதம் லண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண் நெடுநாள் வாந்தி பேதிக்குப் பின் இறந்தார். அவரோடு வாழ்ந்த மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் கைதானார். வீட்டிலிருந்து எடுத்துவந்தவற்றில் 21ஆம் எண் சீசாவில் இருந்த திரவத்தில் டெய்லர் செப்பு வலையைப் போட்டார். வலை கரைந்துபோனது. அந்தத் திரவத்தில் பொட்டாசியம் குளோரேட் மருந்து இருந்தது. டெய்லர் மேலும் வலையைப் போட்டுக் குளோரேட்டைத் தீர்த்துவிட்டு, கடைசியில் போட்ட வலையில் சாம்பல் படலத்தைக் கண்டார். ஆர்செனிக் இருக்கிறது என்று நீதிபதி முன் சத்தியம் செய்தார்.

நடந்தது இதுதான். குளோரேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து குளோரினைக் கிளப்பும். குளோரின் செம்பைக் கரைக்கும். கரைந்த செம்பிலிருந்த ஆர்செனிக் திரவத்துக்குள் இறங்கும். குளோரேட் தீர்ந்தபின் போடும் புதுச் செம்பில், முன்பு கரைந்த செம்பின் ஆர்செனிக் வந்து ஒட்டிக்கொள்ளும். டெய்லர் கண்டுபிடித்தது தன் வலையில் இருந்த பாஷாணத்தை. பல ஆண்டுகள் அதே செம்பை நம்பிப் பயன்படுத்தியவர், விசாரணையில் நீதிமன்றத்திலேயே தவறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பேங்க்ஸின் உடலில் ஆர்செனிக் இல்லை. சிறிதளவு ஆன்டிமனி மட்டுமே. இருந்தும் ஆகஸ்டில் ஜூரிகள் ஸ்மெதர்ஸ்டைக் குற்றவாளி என்றார்கள். மருத்துவர்களும் பத்திரிகைகளும் எழுப்பிய கூச்சலில் தண்டனை நிறுத்தப்பட்டு, அறுவை மருத்துவர் பெஞ்சமின் புரோடியின் கருத்தைக் கேட்டபின் மன்னிப்பும் வந்தது. மனைவி உயிரோடு இருக்கும்போதே பேங்க்ஸை மணந்ததற்காக ஓராண்டு சிறைதான் கிடைத்தது.

வெற்றுச் சோதனை என்பது வேதிப்பொருளைத் தனியாகச் சோதிப்பதல்ல என்பதை இந்தச் சீசா காட்டியது. சந்தேகப் பொருளில் என்னென்ன இருக்கிறதோ, விஷத்தைத் தவிர அத்தனையும் வெற்றுச் சோதனையிலும் இருக்க வேண்டும். குளோரேட் போட்டு ஒருமுறை கொதிக்கவைத்திருந்தால் டெய்லருக்கே உண்மை தெரிந்திருக்கும்.

இதன்பின் வந்த திருத்தங்கள் பெரும்பாலும் உள்ளே வரும் பொருளைக் குறைக்கும் முயற்சிகள்தாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பிளாக்சம் துத்தநாகத்தையே ஒதுக்கிவிட்டு மின்சாரத்தால் ஹைட்ரஜன் உண்டாக்கினார். 1879இல் குட்சைட், வாயுவைச் சில்வர் நைட்ரேட் தடவிய தாளில் படவிட்டு மஞ்சள் கறையைப் பார்க்கும் சிக்கன வழியைச் சொன்னார். சென்னை மாகாணத்திலும் 1849 முதலே அரசு வேதிப் பரிசோதகரின் ஆய்வகம் இருந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது.

பீர்

1900இன் பிற்பகுதியில் மான்செஸ்டர் ஏழைகளுக்குக் கைகால் மரத்து, தோல் கறுத்து, நடக்க முடியாமல் போனது. குடிப் பழக்கத்தால் வந்த நரம்பு நோய் என்று மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவருக்கு அது ஒட்டவில்லை: சாராயம் குடிப்பவர்களுக்கு வராமல் பீர் குடிப்பவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? பீரை வாங்கி ரைன்ஷ் சோதனை செய்தார், செம்பு கறுத்தது.

தடம் பின்னோக்கிப் போனது. பீருக்குள் மலிவுச் சர்க்கரை. அந்தச் சர்க்கரை கந்தக அமிலத்தால் செய்தது. அமில ஆலை அந்த ஆண்டு ஆர்செனிக் நீக்காத பைரைட் அமிலத்தை அனுப்பத் தொடங்கியிருந்தது. அறுபது ஆண்டுகளாக ஆய்வகங்களை அலைக்கழித்த அதே அமிலம், இப்போது ஆய்வகத்தைத் தாண்டி மதுக்கடைக்கே வந்துவிட்டது. சுமார் 6,000 பேர் நோயுற்றார்கள், 70 பேர் இறந்தார்கள். விக்டோரியா அரசி இறந்த 1901இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. ஒரு கேலன் (சுமார் நாலரை லிட்டர்) பானத்தில் நூறில் ஒரு கிரெயின், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 0.14 மில்லிகிராம் என்பதே எல்லை என்று அது சொன்னது.

இவ்வளவு சிறிய அளவை ஊருக்கு ஊர் ஒரே மாதிரி அளக்க, வேதியியலாளர்கள் மார்ஷ்–பெர்சீலியஸ் கருவியையே எடுத்துத் தரப்படுத்தினார்கள். தெரிந்த அளவு ஆர்செனிக் கொண்டு செய்த ஆடிகளை வரிசையாகக் குழாய்களில் அடைத்துவைத்து, புதிதாக வரும் ஆடியைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார்கள். பீரை ஊற்றுவதற்கு முன் துத்தநாகமும் அமிலமும் மட்டும் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். அதற்குள் குழாயில் நிழல் மாதிரி ஏதாவது தெரிந்தால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு, வேறு சீசாவைத் திறக்க வேண்டும்.